மேடை ஒரு மணி நேரம், வீடு இருபத்து மூன்று மணி நேரம்

(கவரைப்பேட்டையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "மறைந்த போதகரை நினைவில் நிறுத்துவது மேடையா? வீடா?" 'வீடே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! நைட் ஷிஃப்டுக்குப் போகவேண்டியவர்கள்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற கவரைப்பேட்டைப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்து, "இந்த வாத்தியார் எப்ப முடிப்பார், எப்ப சாப்பாடு போடலாம்" என்று காத்திருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். குடும்பத்தையும் உயிராக நேசித்து, ஊருக்கும் பிரசங்கம் செய்த ஒரு கிறிஸ்தவப் போதகர் மறைந்துபோகிறார். அவரை நாம் மறந்துவிடாமல் காப்பாற்றுவது எது? அவர் நின்று பேசிய மேடையா, அவர் வாழ்ந்த வீடா?

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். "மேடையில் பேசினால் ஆயிரம் பேர் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது நாலு பேர். ஆயிரம் பெரிசா, நாலு பெரிசா?" அப்படின்னு கேட்டார். நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். கணக்கு எனக்குக் கொஞ்சம் தூரம். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அந்த ஆயிரம் பேர் அவரைப் பார்த்தது ஒரு மணி நேரம். மிச்சம் இருபத்து மூணு மணி நேரம் அவரைப் பார்த்தது யாரு? அந்த நாலு பேர்! (கைதட்டல்) மேடைக்கு வரும்போது வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, முகத்தில் சாந்தம். வீட்டில் கரண்டு போனபோது, ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பியபோது, பிள்ளை மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது அந்தச் சாந்தம் எங்கே இருந்தது? அது அந்த நாலு பேருக்குத்தான் தெரியும். (சிரிப்பு)

நான் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. வள்ளுவரைக் கேளுங்கள். அறத்துப்பாலில் இல்லறத்துக்கு அவர் கொடுத்தது 20 அதிகாரம், துறவறத்துக்கு 13. அதுவும் எதை முதலில் வைத்தார்? இல்லறத்தை! வீட்டைக் கடந்துதான் மற்றதற்கே வழி. சரி, வள்ளுவர் தமிழர், அவர் அப்படித்தான் சொல்வார் என்பீர்கள். பவுலடிகளைக் கேட்போமா? தீமோத்தேயுவுக்கு அவர் எழுதிய முதல் கடிதம், மூன்றாம் அதிகாரம். சபையை மேய்க்கிறவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று வரிசையாக ஒரு பட்டியல் போடுகிறார். அதிலே ஒரு கேள்வி வருகிறது. தன் வீட்டைச் சரியாக நடத்தத் தெரியாதவன், கடவுளின் சபையை எப்படிக் கவனிக்கப் போகிறான் என்பது அந்தக் கேள்வியின் கருத்து. இவன் குரல் எவ்வளவு கணீரென்று இருக்கிறது என்று பவுல் கேட்கவில்லை ஐயா! வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். (கைதட்டல்)

சாட்சி வேண்டும் என்பார் நடுவர். முதல் சாட்சிக்கு நான் வெளியூர் போகப் போவதில்லை. இதோ, உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கவரைப்பேட்டையிலிருந்து பொன்னேரி போய், அங்கிருந்து கிழக்கே பஸ் பிடித்தால் எங்கே போய் நிற்போம்? பழவேற்காடு! மீன் வாங்கப் போயிருப்பீர்கள், ஏரியில் படகு ஏறியிருப்பீர்கள். அங்கே டச்சுக்காரர்கள் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்கு 1632-ல் ஒரு போதகர் வந்தார். பேர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்து வருஷம் அங்கே ஊழியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம். பத்து வருஷத்துக்கு எத்தனை பிரசங்கம் ஆகிறது என்று எதிரணித் தலைவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும், அவர்தான் கணக்கில் புலி. (சிரிப்பு)

அத்தனை பிரசங்கத்தில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, இங்கே இருக்கிற யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. பழவேற்காட்டு ஏரிக் காற்றோடு போச்சு. அப்புறம் ஏன் இன்றைக்கு நான் அவர் பேரைச் சொல்கிறேன்? அந்த மனிதர் பிரசங்கம் செய்ததோடு நிற்கவில்லை. பத்மநாபன் என்ற ஒரு பிராமணரோடு உட்கார்ந்து, இந்த நாட்டு மக்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களை அவர் வாயால் கேட்டு டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலில் போய்ச் சேர்ந்தது அப்போதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்க பக்கத்து ஊர் பழவேற்காட்டிலிருந்து ஐயா!

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. எழுதியதை அவர் அச்சில் பார்க்கவில்லை. 1647-ல் ஊர் திரும்பினார். 1649-ல் கண்ணை மூடிவிட்டார். கட்டுக் காகிதம் அப்படியே கிடந்தது. அதை எடுத்து 1651-ல் லெய்டன் நகரத்தில் அச்சேற வைத்தது யார் தெரியுமா? சபையா? கம்பெனியா? கோட்டைத் தளபதியா? கைம்பெண்ணான அவர் மனைவி! (பலத்த கைதட்டல்) ஆயிரம் பேர் கேட்டது காற்றில் போனது. வீட்டில் ஒருத்தி காப்பாற்றியது முந்நூற்று எழுபது வருஷம் தாண்டி நிற்கிறது. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி போட்டார். நல்ல கேள்வி, பாராட்டுகிறேன். "தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லையே, அவருக்கு ஏது வீடு? அவரை இன்றைக்கும் நினைக்கிறோமே" என்றார். அம்மா, நீங்கள் எனக்கே சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள்! (சிரிப்பு) ஜெர்மனியிலிருந்து 1750-ல் வந்தவர் சுவார்ட்ஸ். 48 வருஷம் இந்த மண்ணில் இருந்து, 1798-ல் தஞ்சையில் இறந்தார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆனால் தஞ்சை இளவரசர் சரபோஜிக்கு அவர் பாதுகாவலராக நின்றார். இன்னொரு பையனைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்து பிள்ளை மாதிரி வளர்த்தார்.

பின்னால் சரபோஜி மன்னராகி, அவருக்கு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பி செய்தது. தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் இருக்கிற கோயிலில் இன்றைக்கும் பார்க்கலாம். போனால் நன்றாகப் பாருங்கள். சுவார்ட்ஸ் அதில் மேடையில் நின்று கையை உயர்த்திப் பேசுகிறாரா? இல்லை! கட்டிலில் படுத்திருக்கிறார். மரணப் படுக்கை. பக்கத்தில் மன்னர் நிற்கிறார். கால்மாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு மன்னருக்குத் தன் குருவைக் கல்லில் வைக்க எத்தனையோ காட்சி இருந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்தது தகப்பன் படுத்திருக்கிற கட்டிலையும், சுற்றி நிற்கிற பிள்ளைகளையும். கல்யாணம் ஆகாத மனிதருக்கே வீட்டைக் கட்டித்தானே ஐயா நினைவுச் சின்னம் வைத்தார்கள்! (கைதட்டல்)

திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்த பையன் என்றேனே, அவர்தான் என் அடுத்த சாட்சி. வேதநாயக சாஸ்திரியார். மாணவர்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறே, இவர் வேறே. இவர் பிறந்தது 1774, மறைந்தது 1864. சரபோஜியும் இவரும் சுவார்ட்ஸிடம் படித்தவர்கள். 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நம்ம ஊர்க் குறத்தியை, நம்ம ஊர்க் குறி சொல்வதை, பெத்லகேமுக்கே கொண்டுபோய் நிறுத்தியவர்! வெறும் பிரசங்கம் செய்தால் கேட்பவன் கொட்டாவி விடுவான் என்று தெரிந்து, கதாகாலட்சேபமாகவே வேதத்தைச் சொன்னார். பாட்டு, தாளம், நடுவில் கதை. "சுவிசேஷக் கவிராயர்" என்று பேர்.

இவரை யார் காப்பாற்றினார்கள்? வளர்ப்பு மகள் ஞானதீபம் தகப்பனாரோடு சேர்ந்து பாடினார். மகன் நோவா ஞானாதிக்கம் தகப்பனார் சரித்திரத்தை எழுதினார். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒருவர் "சாஸ்திரியார்" என்ற பட்டத்தை ஏற்றுக் காலட்சேபம் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். அரண்மனைப் புலவர் பதவி போச்சு, அரண்மனையில் ராஜாவும் போயாச்சு. வீட்டில் பாட்டு போகவில்லை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றம் என்பதற்காக உண்மையைப் பாதியாகச் சொல்லக் கூடாது. 1820-களில், கோயிலுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று புதிதாக வந்த மிஷனரிமார் சொன்னார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்து, சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். அது அவர் குறைதான். அந்தக் காலத்துச் சண்டைக் களத்திலே, ஊருக்கு முன்னால், வாதத்துக்கு வாதமாக எழுதினது அது. அந்த எழுத்தை இன்றைக்கு எந்த வீட்டிலாவது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா? இல்லை. ஆராய்ச்சி மாணவர் மட்டும் தேடிப் படிக்கிறார். அவர் பாடின பாட்டோ கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிறது. பாருங்கள், அரங்கத்தில் போட்ட சண்டை செத்துப்போச்சு. வீடு எதை ஏற்றுக்கொண்டதோ அது பிழைத்தது. ஒரு மனிதரிடம் எது தங்கம், எது பித்தளை என்று வீட்டுக்குத் தெரியும் ஐயா! (கைதட்டல்)

"வீட்டார் புகழத்தானே செய்வாங்க, அது எப்படிச் சாட்சி ஆகும்" என்று எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி கேட்டார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். (பலத்த சிரிப்பு) எந்த வீட்டிலே தம்பி புருஷனை எப்போதும் புகழ்ந்துகொண்டே இருக்கிறார்கள்? ஊரெல்லாம் "ஐயா, ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போகும். வீட்டுக்குள்ளே வந்தால், "அந்தத் துண்டை ஏன் நாற்காலி மேலே போட்டீங்க?" என்ற கேள்விதான் வரும். அதனால்தான் வீட்டுச் சாட்சி நம்பத்தகுந்த சாட்சி.

இதே தம்பி, மராட்டியத்து நாராயண வாமன் திலகரைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தார். பால கங்காதர திலகர் இல்லை, இவர் வேறு. பெரிய மராத்திக் கவிஞர். 1895-ல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். "மனைவியைத் தவிக்கவிட்டவர், இவரா குடும்பஸ்தர்" என்று தம்பி கேட்டார். உண்மைதான். லட்சுமிபாய் அம்மையார் துடித்துப்போனார். குழந்தையை வைத்துக்கொண்டு உறவினர் நிழலில் ஏறக்குறைய ஐந்து வருஷம் பிரிந்து இருந்தார். அந்த ஐந்து வருஷத்து வேதனைக்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை தம்பி. அந்த மனிதர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நீயும் மதம் மாறினால்தான் வீட்டுக்குள் வரலாம்" என்று சொல்லவும் இல்லை. அந்த அம்மா திரும்பி வந்தபோது, தன் ஆசாரத்தோடுதான் வந்தார். தனக்கென்று தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்கிற புருஷன், ஒரே கூரைக்குக் கீழே தன் மனைவி தனி அடுப்பு வைத்திருப்பதைப் பொறுத்துக்கொண்டார். ஊரைக் கூட்டி மனதை மாற்றுகிறவருக்கு, வீட்டில் ஒரு மனது தானாகப் பழுக்கும்வரை காத்திருப்பது எவ்வளவு கஷ்டம்! 1900-ல் அந்த அம்மா தானே முடிவெடுத்து ஞானஸ்நானம் பெற்றார்.

1919-ல் திலகர் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்டுப்போன கிறிஸ்தாயனம் என்ற காவியத்தை எடுத்துத் தொடர்ந்து எழுதி முடித்தவர் லட்சுமிபாய். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை அந்த அம்மா. 1930-களில் தன் வாழ்க்கையையும் எழுதினார். நினைவுச் சித்திரங்கள் என்று பொருள்படும் 'ஸ்மிருதி சித்ரே'. மராத்தியில் வந்த மிகச் சிறந்த தன்வரலாறுகளில் அதை ஒன்றாகச் சொல்வார்கள். அதில் புருஷனைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறாரா? தம்பி போய்ப் படித்துப் பாருங்கள். கோபக்காரர் என்கிறார். கையில் காசு தங்காது, கொடுத்துவிட்டு வந்து நிற்பார் என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார், அழுதுகொண்டும் சொல்கிறார். படித்து முடித்தால் என்ன ஆகிறது? அந்த மனிதர் மேல் நமக்குப் பாசம் வந்துவிடுகிறது! குறையெல்லாம் தெரிந்த ஒருத்தி, "ஆனாலும் இவர் நல்லவர்" என்று சொல்கிறாளே, அந்த "ஆனாலும்" இருக்கிறதே... அதை எந்த மேடையாலும் வாங்க முடியாது ஐயா! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். இரண்டே நிமிஷம் ஐயா.

பேர் தெரிந்த பெரியவர்களைச் சொன்னேன். பேர் தெரியாதவர்களைச் சொல்லாமல் உட்கார்ந்தால் இந்த ஊருக்குத் துரோகம். இது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். இந்தப் பக்கத்தில் காலையில் இரும்போடும் நெருப்போடும் வேலை, சாயங்காலம் குளித்துவிட்டுப் பையில் வேதப் புத்தகத்தோடு ஊழியம் என்று இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெரிய மேடை கிடையாது. ஓலைக் கொட்டகை, ஒரு டியூப் லைட், இருபது பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஆறு காலி. அப்படி ஒருவர் மறைந்துவிட்டால் நினைவுக் கூட்டம் வைப்பார்கள். போய்ப் பாருங்கள். முதலில் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். "அருமையான ஊழியர், எழுப்புதல் பிரசங்கியார்." எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அப்புறம் அவருடைய சின்ன மகள் மைக்கைப் பிடிப்பாள். பெரிய வார்த்தை எதுவும் வராது. "எங்கப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூங்காம எனக்குத் தலை பின்னி விட்டு ஸ்கூலுக்கு அனுப்புவாரு. அம்மாவுக்கு அப்ப முதுகுவலி. அப்பாவுக்கு ரெட்டை ஜடை வராது. கோணலாத்தான் இருக்கும். நான் ஸ்கூல்ல போய் அவுத்துப் பின்னிக்குவேன். அப்பாகிட்ட சொன்னதில்ல..." அதற்கு மேல் அவளால் பேச முடியாது. கொட்டகை முழுக்க ஒருத்தர் கண்ணும் காய்ந்திருக்காது. கடிகாரம் பார்த்தவர் கைக்குட்டையைத் தேடுவார்.

அவர் இருபது வருஷம் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நினைவில் நின்ற பிரசங்கம் எது? அந்தக் கோணல் ஜடை! (நீண்ட கைதட்டல்)

மேடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே மேடையில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மேடை விதைக்கும், மறுக்கவில்லை. ஆனால் விதை முளைத்ததா என்று பார்க்க வேண்டும் என்றால் அவர் வீட்டுக் கொல்லைக்குத்தான் போகவேண்டும். ஊருக்காக ஓடுகிறவர்கள் எந்த மதமாக இருந்தாலும், கட்சிக்காக ஓடுகிறவர்கள், சங்கத்துக்காக ஓடுகிறவர்கள், என்னைப் போல ஊர் ஊராகப் பேச ஓடுகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். நம்மைப் பற்றிக் கடைசியில் பேசப்போவது நாம் பேசின மைக் இல்லை. வீட்டில் இருக்கிற அந்த நாலு பேர். அவர்கள் சொல்வதற்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவோம்.

பழவேற்காட்டுப் போதகரின் பெயரைக் காப்பாற்றியது மனைவி. தஞ்சைக் கவிராயரின் பாட்டைக் காப்பாற்றியது பிள்ளைகள். மராட்டியக் கவிஞரை உலகுக்குக் காட்டியது, அவரால் அழுத அதே லட்சுமிபாய். ஆகவே நடுவர் அவர்களே, மறைந்த போதகரை நினைவில் நிறுத்துவது வீடே, வீடே, வீடே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)